எஸ்டேட் பட்டணத்தில் உளவுப் படம் எடுக்கிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலீசின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்ச் அதிகாரிகள் இருவர், அவர்களுக்கு நடுவில் ஒரு சந்தேகம், சுற்றிலும் ரப்பர் காடு. இந்த மூன்றையும் வைத்துக் குறைந்த செலவில் மலேசியத் தமிழ்ப்படம் எடுக்க நினைக்கும் குழுக்களுக்கான பக்கம் இது. கதைக்களம் சுங்கை சிப்புட் மாதிரியான பேராக் தோட்டப் பட்டணம். காலம், கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்கப் பிரிட்டிஷ் ஆட்சி மலாயாவில் அறிவித்து, 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம்.

கதையை எந்த ஆண்டில் வைப்பது நல்லது?

1951 கடைசியிலிருந்து 1953 வரை. 1951 அக்டோபர் 6 அன்று பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி, பிரேசர் மலைக்குப் போகும் வழியில் பதுங்கித் தாக்கிய கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1952 பிப்ரவரியில் அந்த இடத்துக்கு ஜெனரல் டெம்ப்ளர் வந்தார். இந்த இடைவெளியில் போலீஸ் மேலிடமே ஆட்டம் கண்டது. போலீஸ் கமிஷனர் மாறினார், உளவுத் தலைமை மாறியது, 1952-ல் ஸ்பெஷல் பிராஞ்ச் சி.ஐ.டி.யிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. நேற்றுவரை ஒரே மேசையில் இருந்தவர்கள் இன்று வெவ்வேறு ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்வியை நீங்கள் கற்பனை செய்யவே வேண்டாம், வரலாறு எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

1948 பலரையும் இழுக்கும். ஆனால் அந்த ஆண்டில் போலீசிடம் உளவு என்று சொல்லத்தக்க அமைப்பே சரியாக இல்லை. முன்பு இருந்த மலாயாப் பாதுகாப்புச் சேவை கலைக்கப்பட்டு, வேலை சி.ஐ.டி.க்குள் இருந்த சின்னப் பிரிவின் தலையில் விழுந்திருந்தது. குழப்பத்தைக் காட்டும் படத்துக்கு அது பொருந்தும். இருவருக்கு இடையிலான நுணுக்கமான ஆட்டத்துக்குப் பொருந்தாது.

ஏன் சுங்கை சிப்புட்?

1948 ஜூன் 16 காலை, எல்ஃபில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் என்ற துரை தன் ஆபீசிலேயே சுடப்பட்டார். சிறிது நேரத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் இருவரும் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18 அன்று மலாயா முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கதை 1952-ல் நடந்தாலும், அந்த ஊரில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) முதல் கள்ளுக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் இது நினைவில் இருக்கும். யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

இடத்தின் அமைப்பும் கதைக்கு உதவும். கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் காடு, பட்டணத்தைச் சுற்றித் தோட்டங்கள், தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் ஈப்போ. காட்டிலிருந்து வரும் செய்தி தோட்டத்தைத் தாண்டித்தான் பட்டணத்துக்கு வர முடியும். அதாவது தமிழ்த் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயத்தைத் தாண்டித்தான்.

இருவருக்கும் இடையிலான விசுவாசத்தைத் திரையில் எப்படிக் காட்டுவது?

பெரும்பாலான திரைக்கதைகள் சறுக்குவது இங்கேதான். இருவரும் பழைய சிநேகிதர்கள், ஒரே பயிற்சிப் பள்ளி, ஒருவன் தங்கை கல்யாணத்துக்கு மற்றவன் கடன் வாங்கிக் கொடுத்தான் என்று பின்கதையை வசனத்தில் அடுக்குவார்கள். பார்ப்பவர் அதைக் கேட்டுக்கொள்வார், நம்பமாட்டார்.

உளவு வேலையில் விசுவாசத்துக்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு பொருள் உண்டு. அது தகவல் கொடுப்பவரின் உண்மைப் பெயர். அறிக்கையில் எண்ணோ மறைபெயரோதான் வரும். உண்மைப் பெயர், அந்த ஆளைச் சந்திக்கும் அதிகாரிக்கும் மேலதிகாரியின் இரும்புப் பெட்டிக்கும் மட்டும் தெரிந்தது. தோட்டப் பட்டணத்தில் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் தெருவில் தினமும் எதிர்ப்படும் மனிதர். பெயர் வெளியே போனால் அவர் மறுநாள் உயிரோடு இருக்கமாட்டார். எனவே ஒரு அதிகாரி இன்னொருவரிடம் அந்தப் பெயரைச் சொல்வதைவிடப் பெரிய நம்பிக்கைக் காட்சி கிடையாது. அதைக் கேட்காமல் விடுவதுதான் பெரிய மரியாதை.

இதை வைத்துப் படத்தின் முதுகெலும்பை மூன்று காட்சிகளில் கட்டலாம். முதலாவதில், தமிழ் இன்ஸ்பெக்டர் காட்டுக்குள் தேடுதலுக்குப் போகும் முன், திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துத் தன் ஆளின் பெயரைச் சீன டிடெக்டிவிடம் சொல்கிறார். இரண்டாவதில், அவர் திரும்பி வருகிறார், ஆனால் வேறொரு தகவலாளி கொல்லப்பட்டிருக்கிறார். எங்கோ ஓட்டை. மூன்றாவதில், மேலதிகாரி டிடெக்டிவைத் தனியாகக் கூப்பிட்டு, “உன் கூட்டாளியின் ஆள் யார்?” என்கிறார். சொன்னால் நண்பனுக்குத் துரோகம், சொல்லாவிட்டால் தானே சந்தேகத்துக்கு ஆள். துப்பாக்கி ஒன்றுகூட வெடிக்காமல் அரங்கத்தை முன்னுக்கு வரவழைக்கும் காட்சி இது.

அடியில் இன்னொன்றும் ஓட வேண்டும். வெள்ளைக்கார மேலதிகாரி ஒருநாள் ஓய்வூதியத்தோடு கப்பலேறிவிடுவார். இந்த இருவரும் அவர்கள் காட்டிக்கொடுத்த குடும்பங்களும் அதே ஊரில்தான் இருக்கப் போகிறார்கள். யாருக்கு விசுவாசம் என்ற கேள்விக்கு இந்த வேறுபாடுதான் எடை கொடுக்கிறது. இதை விட்டுவிட்டால் கதையை எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

துரோகியைப் பிடிக்கப் பொய்த்தகவல் வைக்கும் காட்சி வேண்டும். எப்படி அமைப்பது?

முறை எளிது. சந்தேகப்படும் ஒவ்வொருவரிடமும் ஒரே செய்தியைச் சின்ன வேறுபாட்டோடு சொல்வது. எந்த வேறுபாடு எதிரியின் நடவடிக்கையில் தெரிகிறதோ, அதைக் கேட்டவர்தான் ஓட்டை.

படத்தில் நடக்கும் தவறு, நான்கைந்து பேருக்கு நான்கைந்து வடிவம் கொடுப்பது. பார்ப்பவர் மூன்றாவதிலேயே கணக்கைத் தவறவிடுவார். இரண்டே பேர், இரண்டே வடிவம் வையுங்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதாக இருக்கட்டும். ஒருவரிடம் “லோரி பாலத்து வழியாக வரும்” என்றும் மற்றவரிடம் “லோரி ஸ்டோர் வழியாக வரும்” என்றும் சொன்னால், எந்த இடத்தில் மரம் வெட்டிப் போட்டு வழி மறிக்கிறார்கள் என்பதை ஒரே ஷாட்டில் காட்டிவிடலாம். பொறி வைத்தவரின் முகத்தை மறக்காதீர்கள். நண்பனுக்குப் பொய் சொன்ன நிமிஷத்திலேயே அவர் நட்பைப் பாதி முறித்துவிட்டார். நண்பன் குற்றமற்றவன் என்று பிறகு தெரிந்தாலும் அது ஒட்டாது.

தகவலாளியைச் சந்திக்கும் காட்சியில் எதைக் கவனிக்க வேண்டும்?

இருட்டில் தொப்பியைத் தாழ்த்திக்கொண்டு சந்திக்கும் காட்சியை முதலில் எறியுங்கள். ஊரடங்கு இருந்த காலம். இரவில் நடமாடுகிறவர்தான் முதலில் மாட்டுவார். சந்திப்பு பகலில், காரணத்தோடு நடக்க வேண்டும். சம்பள நாளில் பசார், மருந்து வாங்கும் டிஸ்பென்சரி வரிசை, கோயில் திருவிழாக் கூட்டம், அடையாளக் கார்டு சோதிக்கும் மேசை. சோதனை மேசை மிக நல்லது. போலீஸ்காரர் எல்லோரையும் கேள்வி கேட்பதால், ஒருவரிடம் மட்டும் அரை நிமிஷம் கூடப் பேசியது யார் கண்ணிலும் படாது.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். மரம் வெட்டும் (பட்டையைச் சீவிப் பால் இறக்கும்) அம்மாவிடம் இன்ஸ்பெக்டர், “என்னக்கா, கார்டு நனைஞ்சிருக்கே, எங்க போட்டீங்க?” என்கிறார். “தண்ணிக் கரையில விழுந்துருச்சுங்கையா, ரெண்டு நாளாச்சு.” செய்தி முடிந்தது: ஆற்றோரம், இரண்டு நாள் முன்பு. பார்ப்பவருக்கு அப்போது புரியாமல், பத்து நிமிஷம் கழித்துப் புரிந்தால் போதும்.

காட்டில் செய்தி வைக்கும் இடம், அடையாளம்?

இங்கேதான் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு லாபம். ஒருவருக்கு ஒரு நிரை, அதில் ஏறக்குறைய 300 முதல் 500 மரம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையில் அதே ஆள் அதே மரத்துக்கு 48 மணி நேரத்தில் திரும்பி வருவார். அதனால் ஒரு மரத்தில் வைத்த அடையாளம் இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் படிக்கப்படும். அவசரச் செய்தி தவறான நாளில் வந்தால் படிக்க ஆளில்லை. உங்கள் கதைக்கு ஒரு கடிகாரம் இலவசமாகக் கிடைத்துவிட்டது.

சாக்பீஸ் கோடு மழையில் கரைந்துவிடும், கத்திக் கீறல் கங்காணி கண்ணில் படும். பொருத்தமானது ஒட்டுப்பால். முந்தைய வெட்டில் காய்ந்து நாடாவாக ஒட்டியிருப்பதை வெட்டுக்கு முன் உரித்து எடுப்பது வழக்கம். குறிப்பிட்ட மரத்தில் மட்டும் உரிக்காமல் விட்டால், தெரிந்தவருக்கு அது செய்தி, தெரியாதவருக்குச் சோம்பேறித்தனம். கங்காணி திட்டுவார். அந்தத் திட்டையே ஆபத்தாக மாற்றலாம், “இந்த மரத்தையே ஏன் விட்டுட்டுப் போற?” என்று இரண்டாம் முறை கேட்டால் போதும்.

காட்டுக்காரர்களின் தபால் எப்படி இருந்தது?

மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் உயிர்நாடி அதன் தூதர்கள். செய்தி மெல்லிய தாளில் பொடி எழுத்தில் எழுதிச் சுருட்டப்பட்டு, கை மாறிக் கை மாறிப் போகும். ஒருவருக்கு அடுத்தவரைத் தவிர யாரையும் தெரியாது. ஸ்பெஷல் பிராஞ்ச் கற்றுக்கொண்ட பெரிய பாடம், தூதரைப் பிடிப்பதைவிடத் தபாலைப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்புவது மேல் என்பதுதான். 1952-ல் ஈப்போவில் லீ மெங் என்ற பெண் கைதானது தூதர் வலையை அடித்த பெரிய அடிகளில் ஒன்று. மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு குறைக்கப்பட்டது.

காட்சியாக எடுக்கும்போது: சுருளை ஊசிமுனையால் பிரிப்பது, கண்ணாடித் தகட்டுக்கு அடியில் விரிப்பது, படம் எடுப்பது, அதே திசையில் மறுபடி சுருட்டுவது. தாள் தன் பழைய வளைவை நினைவில் வைத்திருக்கும். எதிர்த்திசையில் சுருட்டினால் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். மொத்த வேலைக்கும் கால் மணி நேரம்தான் என்று வைத்தால், படத்தின் இறுக்கமான ஏழெட்டு நிமிஷம் இதிலேயே கிடைக்கும். ரீடேக்குக்காக ஒரே கையெழுத்தில் குறைந்தது பன்னிரண்டு சுருள்கள் தயார் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு சுருளும் ஒரு டேக்குக்குத்தான் தாங்கும்.

உயர்மட்டத்தில் துரோகம் நம்பும்படி இருக்குமா? மிகைப்படுத்தலாகத் தெரியாதா?

லாய் தெக்கைப் பார்த்தால் எந்தக் கற்பனையும் மிகையாகத் தெரியாது. 1939 முதல் 1947 வரை மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைச் செயலாளர். பிரிட்டிஷாருக்கு உளவாளி. ஜப்பானியர் வந்ததும் அவர்களுக்கும் உளவாளி. 1942 செப்டம்பர் 1 அன்று பத்து மலை அருகே கூடிய கட்சித் தலைவர்களை ஜப்பானிய ராணுவப் போலீஸ் சுற்றி வளைத்தது அவர் கொடுத்த தகவலால்தான். அவர் மட்டும் அங்கே வரவில்லை. 1947-ல் கட்சிப் பணத்தோடு தலைமறைவாகி, அதே ஆண்டு பாங்காக்கில் கொல்லப்பட்டார்.

திரைக்கதைக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது திருப்பத்தை அல்ல, தாமதத்தை. பத்து மலைக்குப் பிறகும் ஐந்து ஆண்டுகள் கட்சிக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவரைச் சந்தேகிக்கக் கூடியவர்களை அவரே முன்னதாகக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். உங்கள் துரோகியையும் கடைசி ரீலில் மட்டும் காட்டி அதிர்ச்சி கொடுக்காதீர்கள். பாதிப் படத்தில் பார்ப்பவருக்குத் தெரியட்டும், நண்பனுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

தமிழர்கள் இந்தக் கதையில் எங்கே நிற்கிறார்கள்?

எல்லாப் பக்கமும். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுபக்கம், தோட்டக் காவலுக்குச் சேர்ந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களிலும் போலீஸ் இன்ஸ்பெக்டர்களிலும் தமிழர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் எந்தப் பக்கமும் இல்லாமல், இரவில் வருகிறவனுக்கு அரிசி, பகலில் வருகிறவனுக்குப் பதில் என்று நடுவில் நசுங்கினார்கள்.

தமிழ் இன்ஸ்பெக்டரின் அண்ணனோ மாமனோ சங்கத்து ஆளாக இருந்தால் இழுபறி இயல்பாக வரும். ஆனால் அந்தச் சங்கத்து ஆளைக் காட்டுக்கு ஓடிய வில்லனாக்குவது சோம்பேறித்தனம். சங்கம் கேட்டது கூலி உயர்வு.

ஜப்பானியர் காலப் பின்னணி வைக்கலாமா?

வைக்கலாம். இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, பினாங்கு. அங்கே உளவுப் பயிற்சி பெற்ற இந்திய இளைஞர்கள் 1942-ல் நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் வக்கம் அப்துல் காதர் உட்பட நால்வர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். இன்ஸ்பெக்டரின் முதல் நண்பன் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்றால், யார் காட்டிக்கொடுத்தது என்ற புண் ஆறாமல் இருக்கும்.

இன்னொன்று, பிரிட்டிஷாரின் போர்க்கால ரகசியப் படையான போர்ஸ் 136. பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி ஜான் டேவிஸ் 1943 மே மாதம் நீர்மூழ்கியில் பேராக் கரையில் இறங்கி, ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களோடு சேர்ந்தார். கட்சிப் பக்கத்திலிருந்து தொடர்பாளராக வந்த இளைஞன், பின்னாளில் கட்சித் தலைவரான சின் பெங். ஈப்போவில் கடை என்ற போர்வையில் உளவு வலை கட்டிய லிம் போ செங் 1944-ல் பிடிபட்டு, ஜூன் 29 அன்று பத்து காஜா சிறையில் இறந்தார். 1955 டிசம்பரில் அரசாங்கத்தோடு நடந்த பாலிங் பேச்சுவார்த்தைக்குக் காட்டிலிருந்து வந்த சின் பெங்கை உடனிருந்து அழைத்துப் போனவர் அதே டேவிஸ். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரே முகாமில் இருந்த இருவர், இப்போது எதிரெதிர்ப் பக்கத்தில். உங்கள் இரு பாத்திரங்களுக்கும் இப்படி ஒரு சந்திப்பு கடைசிப் பகுதியில் இருந்தால், வசனம் மிகக் குறைவாகப் போதும்.

பசியைக் கதையில் எப்படிக் கொண்டுவருவது?

அரிசிக்கு ரேஷன். மரம் வெட்டப் போகிறவர் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது, வேலிவாசலில் சோதனை, பெண்களைப் பெண்களே சோதிப்பார்கள். டின் உணவு விற்கும் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், சேர்த்துவைத்துக் காட்டுக்கு அனுப்பாமல் இருக்க. இந்தக் கடைசி விவரத்தை விடாதீர்கள். துளையில்லாத ஒரு மத்தி டின் மேசைமேல் இருந்தால் அதுவே சாட்சி. ஸ்பெஷல் பிராஞ்ச் அதிகாரியின் வீட்டு மேசைமேல் இருந்தால் இன்னும் நல்லது.

டெம்ப்ளரின் பெட்டிக் கதை உண்மையா?

உண்மை. 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கப் போன குழு தாக்கப்பட்டுப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். டெம்ப்ளர் ஊருக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசிப் பங்கைக் குறைத்து, வீட்டுக்கு வீடு கேள்வித்தாள் கொடுத்தார். பெயர் எழுத வேண்டாம், தெரிந்ததை எழுதிப் பூட்டிய பெட்டியில் போடலாம். பெட்டியை ஊர்ப் பிரதிநிதிகள் முன்னால்தான் திறந்தார்.

உங்கள் கற்பனைப் பட்டணத்தில் இதே போன்ற பெட்டி வந்து, அதிலிருந்த தாள் ஒன்றில் எழுதியிருந்தது அதிகாரிகளில் ஒருவர் பெயர் என்றால்? மற்றவர்தான் முதலில் படிக்கிறார். சட்டைப்பையில் போட்டுக்கொள்வாரா?

பால்மரக் காடு இப்போது எங்கே கிடைக்கும்?

பெரிய தோட்டங்கள் பல செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிவிட்டன. 1952 கதையின் பின்னணியில் செம்பனை வரிசை தெரிந்தால், தோட்டத்தில் பிறந்த ஒவ்வொருவரும் கண்டுபிடித்துவிடுவார். சிறுதோட்டக்காரர்களின் ரப்பர் நிலத்தைத் தேடுங்கள். கம்பெனி நிலத்தில் மேனேஜர் தலையாட்டினாலும் தலைமை அலுவலகத்தின் எழுத்து வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். கடிதத்தில் தேதி, ஆள் எண்ணிக்கை, வாகனம், ஜெனரேட்டர், மரத்துக்குச் சேதம் வராது என்ற உறுதி, ஐந்தும் இருக்கட்டும்.

நடிகர் கையில் கத்தியைக் கொடுத்து உயிர் மரத்தை வெட்ட விடாதீர்கள். ஒரு வெட்டில் சீவும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். ஆழமாகப் போனால் உள்தோல் காயப்பட்டு, பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அந்த இடத்தில் பல வருஷம் வெட்ட முடியாது. மறுநடவுக்கு வெட்டிச் சாய்க்கப் போகும் கிழட்டு மரங்களைக் கேளுங்கள். இல்லையென்றால் நெருக்கமான ஷாட்டுக்கு உண்மையான தொழிலாளியின் கையை எடுங்கள். வெட்டு இடமேலிருந்து வலக்கீழாக இறங்க வேண்டும். படத்தை எடிட்டில் இடவலமாகத் திருப்பினால் இது காட்டிக்கொடுத்துவிடும்.

மரத்தில் இருக்கக் கூடாதவை: பால் பிடிக்கும் பிளாஸ்டிக் மங்கு, மழைத்தடுப்புப் பாவாடை, பால் பெருக்க ஒட்டும் வாயுப் பெட்டி. பீங்கான் அல்லது கண்ணாடி மங்கு அறுபது இருந்தால் ஒரு நிரையை ஒப்பேற்றலாம். கேமராவுக்குப் பக்கத்து மரங்களில் மட்டும் மாட்டி, ஷாட்டுக்கு ஷாட் நகர்த்துங்கள்.

எந்த மாதத்தில் படப்பிடிப்பு?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் இலையுதிர்க்கும். காடு திறந்துகொண்டு வெளிச்சம் கொட்டும், இரண்டு வாரத்தில் புது இலை வந்து நிறமே மாறிவிடும், முன்பு எடுத்ததோடு ஒட்டாது. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் பிற்பகல் மழை கொட்டும். தகரக் கூரைமேல் மழை விழுந்தால் வசனம் ஒரு வார்த்தைகூடத் தேறாது. வீட்டுக்குள் எடுக்கும் பேச்சுக் காட்சிகளையும் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பால் ஷாட்டுக்கு ஒரு குறிப்பு. உண்மையான பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். அமோனியா கலந்தால் தாங்கும், ஆனால் கண்ணெரிச்சலில் நடிகர் முகம் கோணும். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து வைப்பது போதும். நிஜப் பால் பட்ட துணி வெளுக்காது என்பதால் முக்கிய உடைகளில் மும்மூன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையக் காட்சி?

விட்டுவிடுங்கள். இப்போதைய பாதை இரட்டைத் தடம், மேலே மின்கம்பி. அழிக்க ஆகும் கணினிச் செலவில் இன்னும் மூன்று நாள் படம் எடுக்கலாம். தெருக் காட்சிக்குப் பாப்பான் என்ற பழைய ஈயச் சுரங்க ஊர் நன்றாக இருக்கும். கடைவீடுகளும் அவற்றின் முன்நடைபாதையான அஞ்சடியும் அங்கே பெரிதும் மாறாமல் இருக்கின்றன. போர்க்காலத்தில் கெரில்லாக்களுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்த சிபில் கார்த்திகேசுவின் வீடும் அந்தத் தெருவில்தான்.

துப்பாக்கி, சீருடை விஷயத்தில் என்ன சட்டம்?

1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் தொடும். மரத்தில் செய்ததுதானே என்று காரில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வட்டாரப் போலீஸ் தலைமையகத்தில் முன்கூட்டியே எழுத்து அனுமதி, பொருள்களின் பட்டியல், படப்பிடிப்பு நாள்கள், பொறுப்பாளர் ஒருவரின் பெயர் வேண்டும். பொருள்கள் பூட்டிய பெட்டியில் அவரிடமே இருக்க வேண்டும். இடைவேளையில் நடிகர் இடுப்பில் ரிவால்வரோடு கடைக்கு டீ குடிக்கப் போவதுதான் வழக்கமாக வம்பில் முடிகிறது. சீருடைக்கும் அதே கடிதத்தில் அனுமதி கேளுங்கள். சத்தத்தையும் நெருப்புப் பொறியையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். காவலர் கையில் .303 என்பீல்டு, அதிகாரி இடுப்பில் ரிவால்வர், சிலரிடம் ஸ்டென். இதற்கு மேல் தேவைப்படாது.

பின்னாஸ், தணிக்கை?

தயாரிப்பு உரிமமும் படப்பிடிப்புச் சான்றும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான பின்னாஸிடமிருந்து. டிரோன் பறக்கவிட்டால் அதற்கு வான்போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தனி. முடிந்த படம் 2002-ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டப்படி தணிக்கை வாரியத்துக்குப் போகும். இந்தக் காலகட்டம் இன்னும் கூச்சமான விஷயம்தான். கம்யூனிஸ்ட் தலைவரின் வாழ்க்கையைத் தொட்ட ஆவணப்படம் ஒன்று 2006-ல் தடை செய்யப்பட்டது. கட்சிக்காரர்களை மனிதர்களாகக் காட்டுங்கள், பிரசங்கம் செய்ய வைக்காதீர்கள். இது தணிக்கைக்காக மட்டும் சொல்வதில்லை, பிரசங்கம் படத்தையும் கெடுக்கும்.

வசனம் எந்த மொழியில்?

இருப்பதைப் போல. இன்ஸ்பெக்டரும் டிடெக்டிவும் தங்களுக்குள் மலாயும் உடைந்த ஆங்கிலமும் பேசுவார்கள். லயத்தில் தமிழ். சீனமொழி தெரிந்த அதிகாரிகள் ஸ்பெஷல் பிராஞ்சில் எப்போதும் பற்றாக்குறை. அதனால் சீனத்தில் நடக்கும் விசாரணையில் டிடெக்டிவ் என்ன மொழிபெயர்க்கிறாரோ அதை இன்ஸ்பெக்டர் நம்பித்தான் ஆக வேண்டும். அந்தக் காட்சியில் சீன வசனத்துக்குத் துணைவரி போடாதீர்கள். பார்ப்பவரும் அவரை நம்பித்தான் ஆக வேண்டும். துரையிடம் பேசும்போது “ஐயா”, கிராணியிடம் “கிராணி ஐயா”, வயதில் மூத்த தொழிலாளியிடம் இன்ஸ்பெக்டரே “அண்ணே” என்பார். சென்னைத் தமிழ் ஒரு வரி வந்தாலும் ஊர்க்காரர் சிரிப்பார்.

பணம், காகிதங்கள்?

1953-க்கு முன் ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட வெள்ளி நோட்டு, பிறகுதான் எலிசபெத் ராணி. அடையாளக் கார்டு காகிதம், படமும் கட்டைவிரல் ரேகையும் இருக்கும். நோட்டைப் பெரிதாக அச்சடிக்க வேண்டாம். கையில் மடித்த நிலையில் காட்டுவது பாதுகாப்பானது.

உண்மைப் பெயர்களைப் பயன்படுத்தலாமா?

கர்னி, டெம்ப்ளர், சின் பெங் போன்ற பொதுமனிதர்கள் பேச்சில் வரலாம். தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், காட்டிக்கொடுத்தவரின் பெயர் எல்லாம் கற்பனையாக இருக்கட்டும். கற்பனைப் பெயரையும் ஊர்ப் பெரியவர் இருவரிடம் சொல்லிப் பாருங்கள். அப்படி ஒரு குடும்பம் அந்தப் பக்கத்தில் இருந்தது என்று அவர்கள் சொன்னால் மாற்றிவிடுங்கள். யார் வீட்டு வாசலில் அந்தக் காலத்தில் ஜீப் நின்றது என்பது இன்றும் சிலருக்கு நினைவிருக்கும், அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் உங்கள் முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்கி வருவார்கள்.